பின்சக்கரம் தள்ளும் கார்

ஐப்பசி அடைமழை. பல்லடம் சாலையில் ஒரு சிறு வேன் திருப்பூரை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறது. காலையில் இதே வேன் பின்னல் துணி உருளைகளைக் கூரை தட்டும்வரை அடுக்கிக்கொண்டு சாயப்பட்டறைக்குச் சென்றது. அப்போதும் சாலை நனைந்துதான் இருந்தது. யாதொரு தொல்லையும் நேரவில்லை. இப்போது சுமையை இறக்கிவிட்டுக் காலியாக வருகிறது. அதே வளைவு; அதே வேகம்; அதே ஓட்டுநர். வளைவின் நடுவில் அவர் வழக்கம்போல ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். வண்டியின் பின்பகுதி வெளிப்புறமாக நழுவுகிறது. என்ன நடக்கிறது என்று அவர் உணர்வதற்குள் வேன் அரைச் சுற்றுச் சுற்றி, வந்த வழியையே பார்த்தபடி நிற்கிறது. எதிரே லாரி எதுவும் வராதது அவருடைய நல்ல காலம்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்குப் புதிய காட்சி அன்று. சுமையோடு பத்திரமாகச் சென்ற வண்டி, சுமை இல்லாதபோது ஏன் சுழன்றது?

இளைஞர்கள் பலர் கேட்கும் வேறொரு கேள்வி உண்டு: "அதிக விலையில்லாத, பின்சக்கரத்தால் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, அன்றாட வேலைகளுக்கு ஓட்ட முடியுமா?" இவ்விரண்டு கேள்விகளுக்கும் தொடர்பே இல்லை என்று தோன்றும். உண்மையில் இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அது டயர் தரையைத் தொடும் இடம். நம் உள்ளங்கை அளவே உள்ள நான்கு ரப்பர்ப் பரப்புகள்தாம் ஒரு காரைச் சாலையோடு பிணைத்து வைத்திருக்கின்றன. அவற்றின் கதையைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஒரே எஞ்சின், மூன்று வண்டிகள்

மாருதி 800 என்னும் சிறிய கார் 1983 டிசம்பரில் வெளிவந்தது. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட அதன் எஞ்சின், 40 குதிரைத் திறனுக்குச் சற்றுக் குறைவாகவே தந்தது. எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆகிய யாவும் முன்புறத்தில் ஒரே கட்டாகக் குறுக்குவாட்டில் அமைந்திருந்தன. முன்சக்கரங்களே வண்டியை இழுத்துச் சென்றன.

1984-ல் அதே 796 க.செ.மீ. எஞ்சின் ஒரு வேனிலும் இடம்பெற்றது. பின்னாளில் 'ஆம்னி' எனப் பெயர்பெற்று 2019 வரை உற்பத்தியான வண்டி அது. இதில் எஞ்சினை முன் இருக்கைகளின் அடியில் நீளவாட்டில் வைத்தார்கள். அங்கிருந்து ஒரு நீண்ட சுழல்தண்டு வழியாகச் சக்தி பின் அச்சுக்குச் சென்றது. ஆகவே ஆம்னியைப் பின்சக்கரங்கள் தள்ளின.

மூன்றாவது வண்டி கோயம்புத்தூரில் உருவெடுத்தது. கோவையின் ஜவுளி ஆலைத் தொழில் குடும்பம் ஒன்றில் 1954-ல் பிறந்தவர் எஸ். கரிவரதன். சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் நடைபெற்ற கார்ப் பந்தயங்களில் பெயர்பெற்ற ஓட்டுநர். வெளிநாட்டுப் பந்தயக் கார்கள் இந்திய இளைஞர்களுக்கு எட்டாக் கனியாக இருந்த காலம் அது. மாருதியின் எஞ்சினோ ஊருக்கு ஊர் கிடைத்தது. பழுது பார்க்கவும் ஆள் இருந்தது. 1988-ல் அந்த எஞ்சினைக் கொண்டே அவர் 'ஃபார்முலா மாருதி' என்னும் ஓர் இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். அதில் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் அமர்ந்து, பின்சக்கரங்களைச் சுழற்றியது. கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் தமது பந்தய வாழ்வை இவ்வகைக் காரில்தான் தொடங்கினார். 2005-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995-ல் ஒரு சிறு விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரால் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என வழங்குகிறது.

ஒரே எஞ்சின். அது குடும்பக் காரில் முன்சக்கரத்தை இழுக்கிறது. சரக்கு வேனிலும் பந்தயக் காரிலும் பின்சக்கரத்தைத் தள்ளுகிறது. ஒன்றுக்கொன்று சற்றும் பொருந்தாதவை போலத் தோன்றும் வேனும் பந்தயக் காரும் ஏன் ஒரே கட்சியில் சேர்ந்தன?

எடை இடம் மாறுகிறது

டவுன் பஸ் சட்டென்று கிளம்பும்போது நிற்பவர்கள் பின்னோக்கிச் சாய்வதை அறிவோம். பஸ்ஸுக்கும் அதே நிலைதான். எந்த வண்டியும் வேகம் கூட்டும்போது அதன் எடையில் ஒரு பகுதி முன்சக்கரங்களிலிருந்து பின்சக்கரங்களுக்கு மாறுகிறது. பிரேக் போடும்போது இதற்கு நேர்மாறாக, எடை முன்னுக்கு வருகிறது.

எவ்வளவு மாறும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். 1,000 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். நிற்கும்போது முன்னும் பின்னும் 500 கிலோ வீதம் எடை தாங்குகிறது. அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் உள்ளது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர் தூரம். இக்கார் புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் மூன்று பங்கு முடுக்கத்தோடு கிளம்புகிறது என்போம். அதாவது மூன்றரை விநாடிக்குள் மணிக்கு 36 கி.மீ. வேகத்தை எட்டுகிறது. எடையை முடுக்கப் பங்கால் பெருக்கினால் 300; அதை உயரத்தால் பெருக்கினால் 150; அச்சுத் தூரத்தால் வகுத்தால் 60. ஆக, 60 கிலோ பின்னுக்கு மாறுகிறது. பின்சக்கரங்களின்மேல் 560 கிலோ, முன்சக்கரங்களின்மேல் 440 கிலோ.

டயரின் பிடிப்பு, அதன்மேல் அழுத்தும் எடையைப் பொறுத்தது. எடை கூடினால் பிடிப்பும் கூடும். ஆகவே எந்தச் சக்கரங்களை எஞ்சின் சுழற்ற வேண்டும்? எடை சென்று சேரும் பின்சக்கரங்களைத்தானே! முன்சக்கர ஓட்டமுள்ள காரில், வேகமாகக் கிளம்பக் கிளம்ப, ஓட்டும் சக்கரங்களின் பிடிப்புக் குறைந்துகொண்டே வருகிறது. பின்சக்கர ஓட்டத்தில் கூடிக்கொண்டே போகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலையைப் போன்ற ஏற்றங்களிலும் இதே கதைதான். வண்டி அண்ணாந்து நிற்கும்போது எடை பின்னுக்கே சாய்கிறது.

திருப்பூரின் சரக்கு வண்டிகளை இப்போது நினைத்துப் பாருங்கள். நூல் ஓரிடத்தில் பின்னப்படுகிறது; பின்னிய துணி வேறிடத்தில் சாயமேறுகிறது; பிறகு காம்பாக்டிங், கட்டிங், தையல், பேக்கிங் என்று ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒவ்வோர் இடத்தில். பனியன் ஒன்று உருவாவதற்குள் துணி ஊரைப் பலமுறை சுற்றிவிடுகிறது. அதைச் சுமக்கும் ஆம்னியும், 2005-ல் வந்த டாட்டா ஏஸும் பின்சக்கர ஓட்டம் உடையவை. காரணம் தெளிவு: சுமை பின் அச்சின்மேல் ஏறுகிறது, பிடிப்பும் அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் பெரும்பாலான சிறு கார்கள் ஏன் முன்சக்கரத்தால் ஓடுகின்றன? 1959-ல் பிரிட்டனில் வெளிவந்த 'மினி' காரின் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ், எஞ்சினைக் குறுக்கே வைத்து முன்சக்கரங்களை ஓட்டினார். சுழல்தண்டும் கனத்த பின் அச்சும் தேவையின்றிப் போயின. பயணிகளுக்கு இடம் மிஞ்சியது. விலையும் எடையும் குறைந்தன. எஞ்சினின் எடை முழுதும் ஓட்டும் சக்கரங்களின்மேலேயே இருப்பதால், மிதமாக ஓட்டுபவருக்குப் பிடிப்புக் குறையும் தெரியாது. குடும்பக் காருக்கு இது மிகப் பொருத்தமான ஏற்பாடு.

உராய்வு ஒரு வருமானம்

ஸ்போர்ட்ஸ் கார் பின்சக்கர ஓட்டத்தை விரும்புவதற்கு இன்னொரு காரணம் வேலைப் பிரிவினை. முன்சக்கரக் காரில் முன் டயர்கள் மூன்று வேலைகளைச் செய்கின்றன: வண்டியை இழுக்கின்றன; திருப்புகின்றன; பிரேக் போடும்போது பெரும்பங்கைத் தாங்குகின்றன. பின் டயர்கள் ஏறக்குறைய சும்மா கூடவே உருண்டு வருகின்றன. பின்சக்கரக் காரில் முன் டயர் திருப்பும். பின் டயர் தள்ளும். ஒரே ஆளிடம் கட்டிங்கையும் தையலையும் கொடுக்காமல் இருவருக்குப் பிரித்துக் கொடுப்பதைப் போன்றது இது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கைக்கு, முன் டயர் சாலையைப் பற்றியிருப்பது எஞ்சினின் இழுப்பு கலவாமல் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் ஒவ்வொரு டயருக்கும் ஓர் எல்லை உண்டு. அதன் பிடிப்பை மாத வருமானம் போலக் கருதலாம். பக்கவாட்டில் திருப்புவதற்குச் செலவழித்ததுபோக மீதிதான் முன்னோக்கித் தள்ளுவதற்குக் கிடைக்கும். இக்கணக்கு நேர்க்கழித்தல் அன்று, பித்தகோரஸ் கணக்கு. டயரின் மொத்தப் பிடிப்பு 5 பங்கு. அதில் திருப்பத்துக்கு 3 பங்கு செலவானால், தள்ளுவதற்கு மீதி 2 அன்று, 4. திருப்பத்துக்கு 4 பங்கு செலவானால் மீதி 3. திருப்பத்துக்கே 5 பங்கும் போய்விட்டால் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை.

இப்போது நம் காலி வேனுக்குத் திரும்புவோம். வண்டியும் ஆட்களும் சேர்ந்து 900 கிலோ. ஆட்களும் எஞ்சினும் முன்புறத்தில் இருப்பதால் பின் அச்சின்மேல் 350 கிலோ மட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஈரச் சாலையில் பிடிப்பு, எடையில் பாதி அளவே. ஆகவே பின் டயர்களின் வருமானம் 175 கிலோ விசை. வளைவில் திரும்புவதற்கு 105 கிலோ செலவாகிறது. மீதி 140. ஓட்டுநர் இரண்டாவது கியரில் அழுத்தி மிதிக்க, எஞ்சின் 160 கிலோ விசையோடு தள்ளுகிறது. வருமானத்துக்கு மேல் செலவு! டயர் சுழன்று நழுவுகிறது.

காலையில் நிலைமை என்ன? 300 கிலோ துணியில் 270 கிலோ பின் அச்சின்மேல் ஏறியிருந்தது. பின் அச்சில் 620 கிலோ, பிடிப்பு 310. எடை கூடியதால் திருப்பச் செலவும் 186 ஆகக் கூடிற்று. ஆயினும் மீதி 248 இருந்தது. அதே 160 கிலோ தள்ளுவிசையை அது எளிதாகத் தாங்கிற்று. ஓட்டுநரின் கால் ஒன்றுதான். டயரின் வருமானம்தான் மாறிவிட்டது.

வேகத்தின் பங்கையும் மறந்துவிடலாகாது. திரும்பத் தேவைப்படும் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செல்ல, எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு பக்கவிசை போதும். வேகம் 54 கி.மீ. ஆனால், எடையில் முக்கால் பங்கு வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு. விசை இரண்டேகால் மடங்கு. உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல டயர் இதைத் தாங்கிவிடும். எடையில் பாதிக்குமேல் பிடிப்பில்லாத ஈரச் சாலையில் எந்தக் காராலும், எந்த ஓட்டுநராலும் தாங்க இயலாது.

வால் முந்தினால்

பிடிப்பை இழப்பது முன்சக்கரமா, பின்சக்கரமா என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. மாணவர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சக்கரங்கள் எளிதாக உருளும் ஒரு பொம்மைக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வழவழப்பான பலகையைச் சரிவாக வையுங்கள். காரின் முன்சக்கரங்கள் இரண்டும் சுழலாதபடி ஒட்டுத்தாளால் கட்டிவிட்டு, மூக்கு கீழ்நோக்கி இருக்குமாறு பலகையில் விடுங்கள். கார் நேராகச் சறுக்கி இறங்கும். இனி முன்சக்கரங்களை விடுவித்துப் பின்சக்கரங்களைக் கட்டுங்கள். கார் சிறிது தூரம் சென்றதும் தானே திரும்பி, வால் முந்தியவாறு இறங்கும்!

உருளும் சக்கரம் பக்கவாட்டில் நகர மறுக்கும். சறுக்கும் சக்கரத்துக்கோ பக்கம் என்பதே இல்லை. எத்திசையிலும் ஒரே மாதிரி நழுவும். பூட்டிய சக்கரத்துக்குப் பொருந்துவது, எஞ்சினின் வேகத்தில் வீணே சுழலும் சக்கரத்துக்கும் பொருந்தும். முன்சக்கரம் சறுக்கினால், ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகச் செல்ல முயலும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தால் பெரும்பாலும் மீளும். பயந்தவர் இயல்பாகச் செய்வதும் இதுவே. பின்சக்கரம் சறுக்கினால் வால் வெளியே வரும். வந்தபின் மேலும் மேலும் வரும். இங்கே இயல்பான செயல் தவறான செயலாகிவிடுகிறது. காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னுக்குப் பாய்ந்து பின் டயர்கள் இலேசாகின்றன; எஞ்சினின் தடுப்பு விசையும் அந்தப் பின் டயர்களையே பிடித்து இழுக்கிறது. மீதமிருந்த பிடிப்பும் போய்விடும். வால் எந்தப் பக்கம் செல்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பி, ஆக்சிலேட்டரை மெதுவாகக் குறைப்பதே மீளும் வழி. இதைப் படித்து அறிவது எளிது. அரை விநாடிக்குள் செய்வது பழக்கத்தால் மட்டுமே வரும்.

காவடியும் எஞ்சினும்

எஞ்சினை ஓட்டுநருக்கு அருகிலேயே, இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் வைப்பதால் என்ன பயன்? காவடியைத் தோளில் வைத்துத் திரும்பிப் பாருங்கள். சுமை இரு முனைகளிலும் தொங்கினால் திரும்பத் தொடங்குவது கடினம். தொடங்கிய சுழற்சியை நிறுத்துவதும் கடினம். அதே சுமையைத் தோளுக்கு அருகே நகர்த்திக் கட்டினால் சுலபமாகத் திரும்பலாம். நிறை நடுவே திரண்டிருந்தால் சுழல் தடை குறைவு. நடுவில் எஞ்சின் வைத்த கார், ஸ்டீயரிங் அசைந்தவுடன் திரும்புகிறது. அதே காரணத்தால், நழுவும்போதும் மிக விரைவாகச் சுழல்கிறது.

குடும்பக் காரின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அப்படியே பின்னால் மாற்றி வைத்து ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் முறையை வேறு நாட்டாரும் கையாண்டனர். இத்தாலியின் ஃபியட் 128 முன்சக்கரக் கார். அதன் உறுப்புகளை இருக்கைகளுக்குப் பின்னால் வைத்து 1972-ல் 'எக்ஸ்1/9' பிறந்தது. ஜப்பானின் டொயோட்டா 1984-ல் 'எம்.ஆர்.2' காரை அவ்வாறே செய்தது. 1989-ல் வந்த மஸ்டா 'எம்.எக்ஸ்-5' வேறு வழியில் சென்றது: எஞ்சின் முன்னால், ஓட்டம் பின்னால், எடை ஏறத்தாழ ஒரு டன். 2016-க்குள் பத்து லட்சம் கார்கள் உற்பத்தியாகிவிட்டன. மலிவான ஸ்போர்ட்ஸ் காரை அன்றாடம் ஓட்டுபவர்கள் உலகில் குறைவில்லை என்பதற்கு இதுவே சான்று.

சென்னையில் பிறந்த உறவினர்

இத்தகைய காருக்குத் தமிழகத்திலும் ஓர் உறவினர் இருந்தது. சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' பின்சக்கர ஓட்டமுள்ள கார். 948 க.செ.மீ. எஞ்சின், முன்னோக்கித் திறக்கும் பானெட், மிகக் குறுகிய இடத்தில் திரும்பும் ஆற்றல். அதே குடும்பத்து அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் பிரிட்டனில் 1962-ல் 'டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்' என்னும் மலிவு விலை ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். நம் ஊரில் டாக்டர்களும் வக்கீல்களும் அலுவலகத்துக்கு ஓட்டிச் சென்ற கார், அங்கே ஸ்போர்ட்ஸ் காருக்குத் தாயாயிற்று.

ஹெரால்டின் பின் அச்சில் ஒரு குறையும் இருந்தது. ஒவ்வொரு பின்சக்கரமும் நடுவிலிருந்து ஊஞ்சல்போல் ஆடும் அரை அச்சில் பொருத்தப்பட்டிருந்தது. வேகமான வளைவில் காலைச் சட்டென எடுத்தால் காரின் பின்புறம் எழும்பும். சக்கரங்கள் உட்புறமாக மடிந்து, டயரின் ஓரம் மட்டுமே தரையைத் தொடும். பிடிப்புக் குறைந்து வால் நழுவும். 1970-களின் தொடக்கத்தில் வந்த 'கெஸல்' காரில் இதை விட்டுவிட்டு, வேன்களில் உள்ளது போன்ற ஒரே கட்டான பின் அச்சைப் பொருத்தினார்கள். இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்களில், சக்கரம் மேலும் கீழும் ஆடினாலும் ஏறக்குறைய நேராகவே நிற்குமாறு பல இணைப்புக் கம்பிகளைக் கொண்டு தாங்குகிறார்கள்.

அன்றாட வாழ்வில்

அவிநாசி சாலையில் நாள்தோறும் தொழிற்சாலைக்குச் சென்று திரும்ப இத்தகைய கார் உதவுமா? சில நடைமுறைச் செய்திகளைப் பார்ப்போம்.

முதலாவது, வேகத்தடை. ஸ்போர்ட்ஸ் காரின் அடிப்பாகம் தரையிலிருந்து 11 முதல் 14 செ.மீ. உயரத்திலேயே இருக்கும். இருவர் ஏறினால் இன்னும் சற்று இறங்கும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் பரிந்துரைத்த வேகத்தடையின் உயரம் 10 செ.மீ.; அகலம் 3.7 மீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். 2.3 மீட்டர் அச்சுத் தூரமுள்ள கார் அதன் உச்சியில் இருக்கும்போது, நான்கு சக்கரங்களும் தடையின் மேலேயே இருக்கின்றன. நடுவில் மேடு, சக்கரங்களைவிட எவ்வளவு உயர்ந்திருக்கும்? தூரத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் 3.9 செ.மீ. வரும். கார் தாராளமாகக் கடந்துவிடும். ஆனால் தெருவாசிகள் தாமே போட்டுக்கொண்ட ஓரடி அகலத் தடையில் சக்கரங்கள் இருபுறமும் தரையில் நிற்க, 10 செ.மீ. மேடு முழுதும் காரின் வயிற்றுக்கு நேரே வருகிறது. உயரம் ஒன்றே, வடிவம் தவறானால் வண்டி உரசுகிறது. இத்தகைய தடைகளைச் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றிக் கடப்பதே வழி.

இரண்டாவது, டயர். பின்சக்கர ஓட்டமுள்ள காரில் பின் டயர்கள் விரைவில் தேயும். தேய்ந்த டயரின் பள்ளங்கள் மழைநீரை வெளியேற்ற மாட்டா. நீர்ப்படலத்தின்மேல் டயர் மிதக்கத் தொடங்கும். 1.6 மில்லிமீட்டர் பள்ளம் சட்டம் கூறும் கடைசி எல்லை. மழைக்காலத்துக்கு அது போதாது. இரண்டு டயர்கள் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்னால் பொருத்த வேண்டும். இது முன்சக்கரக் காருக்கும் பொருந்தும். வால் நழுவாதிருப்பதே முதல் பாதுகாப்பு.

மூன்றாவது, முதல் மழை. மாதக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் மழையின் முதல் சில நிமிடங்களில் நீரோடு கலந்து வழுக்கும் குழம்பாகின்றன. நன்றாகப் பெய்து கழுவிய சாலையைவிட, தூறலில் நனைந்த சாலை ஆபத்தானது. அவ்வேளையில் ஒரு கியர் மேலே வைத்து, மெல்ல மிதித்து ஓட்டுவதே அறிவுடைமை. கியர் உயர்ந்தால் சக்கரத்துக்குச் செல்லும் முறுக்குவிசை குறைகிறது.

நான்காவது, வெப்பமும் இடமும். எஞ்சினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் செல்வது எப்படி என்பதை ஆம்னி ஓட்டியவர்கள் அறிவார்கள். நடு எஞ்சின் காரில் வெப்பம் முதுகுப்பக்கம் இருக்கும். இருவர் அமரலாம், ஒரு பெட்டி வைக்கலாம். குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல வேறு வண்டி வேண்டும்.

இன்றைய பல கார்களில் மின்னணு நிலைகாப்புக் கருவி உண்டு. ஸ்டீயரிங் காட்டும் திசையையும் கார் உண்மையில் திரும்பும் வேகத்தையும் அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. வால் நழுவுகிறது என்று கண்டால் வெளிப்புற முன்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்துச் சுழற்சியை எதிர்க்கிறது. கைதேர்ந்த ஓட்டுநராலும் ஒரே சக்கரத்துக்குத் தனியே பிரேக் போட இயலாது. ஆனால் டயரின் வருமானத்தைக் கூட்ட இக்கருவியாலும் இயலாது. இருப்பதை நன்றாகச் செலவிட மட்டுமே அதற்குத் தெரியும்.

குறைந்த திறன் ஒரு நன்மை

விலை குறைந்த ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் பெரும்பாலும் சிறியது. இதைக் குறையென்று கருதலாகாது. ஃபார்முலா மாருதியின் எஞ்சின் குடும்பக் காரின் எஞ்சின்தான். வருங்கால வீரர்களுக்குப் பள்ளிக்கூடமாக அது போதுமானதாயிருந்தது. குறைந்த திறனில் செய்யும் தவறு மெதுவாக வெளிப்படும். திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும். 300 குதிரைத் திறன் உள்ள காரில் அந்த அவகாசம் இல்லை.

ஆனால் பழைய மாருதி ஒன்றை வாங்கி எஞ்சினைப் பின்னால் மாற்றி வீதியில் ஓட்டலாம் என எவரும் எண்ண வேண்டா. ஃபார்முலா மாருதி பந்தயத் தடத்துக்கு மட்டும் உரியது. சாலையில் ஓடும் வண்டியின் அமைப்பை இவ்வாறு மாற்றுவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு தடை செய்கிறது. வாலை நழுவவிட்டு மீட்கப் பழக விரும்புவோருக்கு உரிய இடம், எதிரே வண்டி வராத தடம், பொதுச்சாலை அன்று.

சரி, அத்தகைய கார் இந்தியாவில் கிடைக்கிறதா? 1990-களின் இறுதியில் கோவாவில் தயாரான 'சான் ஸ்டார்ம்' இரு இருக்கைகளுடன் வந்தது. ஆனால் அது முன்சக்கரத்தால் ஓடியது. மிக மலிவான டாட்டா நானோ, 2009 முதல் 2018 வரை எஞ்சினைப் பின்னால் சுமந்து பின்சக்கரத்தால் ஓடியது. ஆனால் அது ஸ்போர்ட்ஸ் கார் அன்று. இரண்டு பண்புகளும் குறைந்த விலையும் ஒன்றுசேர்ந்த கார் நம் நாட்டில் அரிது.

எனினும் பின்சக்கர ஓட்டம் வேறு வழியாக நம்மிடம் திரும்பி வருகிறது. மின்கார்களில் மோட்டாரைப் பின் அச்சிலேயே வைத்துவிடலாம். நீண்ட சுழல்தண்டு தேவையில்லை. நம் சாலைகளில் ஓடும் மின்கார்கள் சிலவற்றைப் பின்சக்கரங்களே தள்ளுகின்றன. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையும் தரக்கூடியது. ஆகவே முன்சக்கரக் காரில் பழகிய கால்களும் கைகளும் பின்சக்கரத்தின் குணத்தை மீண்டும் கற்க வேண்டிய காலம் வருகிறது.

அன்றாடம் ஓட்ட முடியுமா என்ற கேள்விக்கு விடை, முடியும் என்பதே. நல்ல டயர், மென்மையான கால், மழைநாளில் பொறுமை ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். சொல்லப்போனால் திருப்பூரின் வேன் ஓட்டுநர்கள் பின்சக்கர வண்டியோடு அன்றாடம் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சுமையை இறக்கியவுடன் தம் வண்டி வேறொரு வண்டியாகிவிடுகிறது என்பதை மட்டும் அவர்கள் நினைவில் வைத்துக்கொண்டால், ஐப்பசி மழையிலும் பத்திரமாக வீடு திரும்பலாம்.